நொதாரியோ பேசிய தமிழ்

ஸ்பானிஷ் படிப்பதற்காக ஒரு செமஸ்டர் ஸ்பெயினுக்குப் போன சங்கரன்கோவில் பேச்சியம்மாள், போய்ச் சேர்ந்து இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரித்து முடிக்காத நாட்களில், தங்கியிருந்த வீட்டின் கொல்லை மதிலருகே நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற கழுதை தமிழில் பதில் சொன்னது. கழுதையின் மேல் தப்பில்லை. பேச்சியின் அம்மா சண்முகக்கனி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பேசுகிறவள், அதனால் எப்போதும் உரக்கப் பேசுகிறவள். பேச்சியோ கொடியில் துணி காயப்போடுவதற்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டு மதில்மேல் வைத்திருந்தாள். அந்த ஸ்பீக்கர் வழியாக, மகளைப் பிறந்த நாள் முதல் கூப்பிடுகிற மாதிரியே, "ஏட்டி கழுதை, சாப்பிட்டியா இல்லியா?" என்று அம்மா கேட்க, மதில்மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்த கழுதை, "இன்னும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வைப்பான்" என்றது.

போனில் தையல் மிஷின் நின்றது.

"யாருட்டி அது, ஆம்பளக் குரலு?"

"பக்கத்து வீட்டுக் கழுதைம்மா."

"ஒருத்தர அப்படியெல்லாம் ஏசக்கூடாது. நம்ம ஊர்ப் பேச்சால்லா இருக்கு? எந்த ஊராம், கேளு."

பேச்சி கேட்டாள். கழுதை காதை ஆட்டி ஈயை விரட்டிவிட்டு, "இதே ஊர்தான்" என்றது.

இதே ஊர் என்றால் தோர்ரெமூதா. ஊமைக் கோபுரம் என்று அர்த்தம். ஆலிவ் மரங்கள் குன்று குன்றாக இறங்கிப்போய் வானத்தில் முட்டுகிற தெற்குச் சீமையில், மணி இல்லாத ஒரு மணிக்கூண்டைச் சுற்றி வெள்ளையடித்த வீடுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற ஊர் அது. பல்கலைக்கழகம் இருந்தது பக்கத்து நகரத்தில். ஆனால் மொழி படிக்க வருகிறவர்கள் விடுதியில் ஒருவருக்கொருவர் ஆங்கிலம் பேசியே காலத்தைக் கழித்துவிடுகிறார்கள் என்று கண்ட பேராசிரியை, ஆளுக்கொரு ஊராக, வீட்டுக்கொரு பிள்ளையாக மாணவர்களைப் பிரித்து அனுப்பி, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊர்ச் சண்டையைக் கேட்டு, அந்த ஊர்க்காரர்களாகத் திரும்பி வந்து வாய்மொழித் தேர்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதில் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். சங்கரன்கோவிலுக்குத் திரும்பிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு மிஷினைப் போட்டு உட்கார வேண்டியதுதான். பேச்சி வந்து இறங்கிய வீடு, கணவனை இழந்து பிள்ளைகளும் இல்லாத எங்கார்நா அம்மாளுடையது. மதிலுக்கு அப்பால் இருந்தது கல்யாணமே செய்துகொள்ளாத எலாதியோவின் வீடு. அவருடைய கழுதைக்குப் பெயர் நொதாரியோ, அதாவது பத்திரப் பதிவாளர். வேலை இல்லாத நேரமெல்லாம் ஊரில் நடப்பதைச் சாட்சிக்கு நிற்கிறவர் மாதிரி முறைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கும் என்பதால் வந்த பெயர்.

அன்றைக்கே பேச்சி எலாதியோவிடம் போய், பாடப் புத்தகத்தில் அதுவரை படித்திருந்த சொற்களையெல்லாம் திரட்டி, "ஐயா, தங்கள் கழுதை என் தாய்மொழி பேசுகிறார்" என்றாள்.

எலாதியோ தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்படியா சங்கதி? நான் இத்தனை வருஷமாக இருமல் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்."

செய்தி மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. கழுதை பேசுகிறது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் நொதாரியோவின் முகத்தைப் பார்த்த எல்லோருக்குமே அதனிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது என்று முன்பே தோன்றியிருந்தது. ஆனால் அது ஸ்பானிஷ் பேசவில்லை என்பதுதான் பலருக்கு மனத்தாங்கலாகப் போயிற்று. நம் பார்லியைத் தின்று, நம் தண்ணீரைக் குடித்து, நம் தெருவில் சாணி போட்டு வளர்ந்த பிராணி நம் பாஷையைக் கற்றுக்கொள்ளவில்லையே என்று மதுக்கடையில் ஒரு கட்சி பேச, நாம் அதனிடம் "ஹை, ஹை" என்பதைத் தவிர வேறு என்ன பேசினோம் என்று இன்னொரு கட்சி கேட்க, இரண்டு கட்சியும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயின. மிருக வைத்தியர் வந்து பல்லைப் பார்த்து, பல் நன்றாக இருக்கிறது, தமிழைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று போய்விட்டார். ஊர்த்தலைவி நகரசபைச் சுவரில் உலகப் படம் ஒன்றை மாட்டி, சங்கரன்கோவில் இருக்குமிடத்தில் சிவப்புக் குண்டூசி குத்திவைத்தாள். பாதிரியாருக்குத்தான் வருத்தம். ஊர்க்காரர்கள் தன்னிடம் வந்து சொன்ன பாவங்களைவிட அந்த மதிலோரம் நின்று தங்களுக்குள்ளே புலம்பியவை அதிகம், அத்தனையையும் கேட்டது கழுதை என்பதை நினைக்க நினைக்க அவருக்கு ஆறவில்லை.

பேச்சி ஒருநாள் அதனிடமே கேட்டாள். அதற்கு வயது தன்னைவிட அதிகம் என்று தெரிந்ததிலிருந்து அவள் அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க தமிழ் எப்படிப் படிச்சீக?"

"நீ எப்படிப் படிச்ச?"

"நான் எங்கன படிச்சேன்? எங்கம்மா பேசினா, எனக்கு வந்திட்டு."

"அதே மாதிரிதான்" என்றது நொதாரியோ.

அதற்குமேல் அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. ஊருக்கு வேண்டியிருந்தது காரணம் அல்ல, கழுதை என்ன சொல்கிறது என்பதுதான். அதனால் சாயங்காலம் ஆனால் எங்கார்நாவின் கொல்லையில் கூட்டம் கூடிவிடும். ஒவ்வொருவராக மதிலருகே வந்து நொதாரியோவைப் பார்த்துக் கேட்பார்கள். அதற்கு ஸ்பானிஷ் முழுசாகப் புரியும். தமிழில் பதில் சொல்லும். பேச்சி அதை ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். பேச்சியிடம் இருந்ததோ வீடு, சாப்பாடு, குடும்பம், நிறங்கள், வழி கேட்பது என்று புத்தகத்தின் முதல் சில பாடங்கள் மட்டும்தான். ரொட்டிக்கடைக்காரர் வந்து, என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டபோது, "இந்தப் பய மாவுல திருடுதான். முந்தி இருந்த ரொட்டியில பாதிகூட இப்ப இல்ல. கேட்டா அடுப்பு சரியில்லங்கான்" என்றது கழுதை. பேச்சி வியர்த்து விறுவிறுத்துத் தேடிப் பிடித்து, "ரொட்டி சிறியது. அடுப்பு பெரியது" என்றாள். ரொட்டிக்கடைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலையில் ஊர் முழுக்கத் தலையணை தலையணையாக ரொட்டி தின்றது.

ஊர்த்தலைவி வந்தாள். "எலெக்சனுக்கு முன்ன ரோடு போடுதேன்னு இந்தம்மா சொல்லிச்சு. அந்தக் குழியில விழுந்து எழுந்திரிச்சு என் முட்டியே போச்சு, என்னத்தப் போட்டா?" என்றது கழுதை. பேச்சி, "தெரு எங்கே இருக்கிறது? தெரு இங்கே இல்லை" என்றாள். ஊர்த்தலைவி அதை வெகுநேரம் யோசித்துப் பார்த்து, கண்ணீர் விட்டு, அந்த வாரமே ரோடு போட்டாள். இப்படியாக, பேச்சிக்குத் தெரிந்த சொற்கள் குறைவாக இருந்த வரைக்கும் நொதாரியோவின் வாக்கு தெய்வவாக்காக இருந்தது. அண்டை ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, "சாம்பல் நிறப் பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது" என்பது போன்ற வாக்குகளை வாங்கிக்கொண்டு, மனசு தெளிந்து திரும்பிப் போனார்கள்.

கெட்டது இறந்தகாலத்தால் வந்தது.

நிகழ்காலம் மட்டும் தெரிந்தவரைக்கும், யார் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் பேச்சியால் சொல்ல முடிந்தது, யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் இறந்தகாலம் நடத்திய வாரத்தில், மருந்துக்கடைக்காரர் தன் தோப்பு ஏன் சின்னதாகிக்கொண்டே போகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்க, "இவன் மச்சான் எல்லைக்கல்ல நகத்திட்டாம்லா, அதுவும் என் முதுகுல ஏத்தித்தான்" என்று கழுதை சொல்ல, புது வினைச்சொல் கிடைத்த குஷியில் பேச்சி ஒரு எழுத்துக்கூட விடாமல் சொல்லிவிட்டாள். மச்சானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான். கொல்லையில் எங்கார்நா உப்பில் ஊறவைத்திருந்த ஆலிவ் காய்கள் எல்லாத் திசையிலும் பறந்தன. அதற்குப் பிறகு யார் யாரை முத்தமிட்டது, யார் யாருடைய கோழியைத் தின்றது, திருவிழாவில் மாதா சிலையைக் கீழே போட்டது உண்மையில் யார் என்று வரிசையாக எல்லாம் வெளியே வர, ஒரே தெருவில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

ஊர்த்தலைவி ஒரு கூடை மாதுளையோடு பேச்சியைத் தேடி வந்தாள். "நீ நல்ல பெண். உன் படிப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாதா?"

"முடியாதே அம்மா. தேர்வில் கேட்பார்கள். அடுத்த வாரம் எதிர்காலம் வேறு இருக்கிறது."

"கடவுளே" என்றாள் ஊர்த்தலைவி.

அன்று பேச்சி சாப்பிடவில்லை. வந்த புதிதில் கடையில் உப்பு கேட்கக்கூட வாய் வராமல், இருக்கிற சாமான்களில் கையைக் காட்டி எதையாவது வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். இப்போது வாய் வந்து, அந்த வாயாலேயே ஊர் பிரிந்து கிடந்தது. எங்கார்நா சூப் கிண்ணத்தை அவள் முன்னால் தள்ளினாள்.

"அது சொல்வதையெல்லாம் நீ சொல்லித்தான் ஆக வேண்டுமா?"

"மொழிபெயர்ப்பு என்றால் அப்படித்தான் அம்மா."

"சமையலும் அப்படித்தான். இருக்கிற உப்பை எல்லாம் போடுவதில்லை. சாப்பிடு."

மறுநாளிலிருந்து பேச்சி அளந்து போட ஆரம்பித்தாள். கழுதை ஒரு வண்டி சொன்னால் இவள் ஒரு கரண்டி சொன்னாள். கழுதைக்கு அது தெரிந்தது. ஆனால் அது கோபப்படவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது என்பது பின்னால்தான் பேச்சிக்குத் தெரியவந்தது.

இதற்கு நடுவில் சண்முகக்கனிக்கும் நொதாரியோவுக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. மகளிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, "தம்பிக்கிட்டக் குடு" என்பாள். பேச்சி போனை மதில்மேல் வைத்துவிட்டுப் பாடம் படிக்கப் போய்விடுவாள். "ஜாக்கெட்டுக்கு அளவு சரியாத்தான் எடுத்தேன் தம்பி, அவ உடம்பு வச்சதுக்கு நான் என்ன செய்ய?" என்று அம்மா கேட்க, "வச்சவ ஒத்துக்கிட மாட்டா அக்கா. தையலப் பிரிச்சுக் குடுத்திருங்க" என்று கழுதை சொல்லும். மிஷின் ஓடும், நிற்கும், ஓடும். அடுக்களைச் சன்னலோரம் எங்கார்நா முக்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டிருப்பாள். உரித்து முடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது அவள் "அய்யய்யோ" என்றாள். ஸ்பானிஷிலும் அதற்கு அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று பேச்சி எண்ணிக்கொண்டாள்.

குளிர் இறங்கி ஆலிவ் உதிர்க்கும் காலம் வந்தபோது நொதாரியோ அவளிடம் மனதைத் திறந்தது.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லாத. எலாதியோ என்னைய ஏன் எப்பவும் இந்த மதிலோரமாவே கட்டுதான்னு நெனைக்க? அங்கன கொட்டில் இருக்கு, வைக்கோல் இருக்கு. இங்கன என்ன இருக்கு? அந்த அடுக்களைச் சன்னல் இருக்கு. எனக்குத் தீனி வைக்க வந்த மாதிரி வந்து நின்னு, அதப் பாத்துட்டே நிப்பான். எங்கார்நா, எங்கார்நான்னு என் காதுக்குள்ள சொல்லிட்டு, பார்லிய வச்சிட்டுப் போவான்."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"அவன் போனதும் அவ வருவா. எனக்கு ரொட்டி குடுப்பா. இந்த மடையன் என்னைக்குத்தான் வாயத் தெறப்பான்னு என்ட்டக் கேப்பா. ரொம்ப வருசமா நடக்குது."

"அண்ணாச்சி, ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருமே! ஏன் சொல்லல?"

நொதாரியோ தொட்டியில் மிச்சமிருந்த பார்லியை நக்கி முடித்தது.

"சொன்னா ரெண்டு வீடும் ஒரு வீடாயிரும். பொறவு ஒரு சாப்பாடுதான் கெடைக்கும்."

இப்படி ஒரு சுயநலத்தைப் பேச்சி அதற்குமுன் கண்டதில்லை. ஒரு வாரம் அவள் அதனோடு பேசவில்லை; சண்முகக்கனி போனில், "தம்பி என்ன தப்பு செஞ்சிருந்தாலும் மன்னிச்சு விடுட்டி, வாயில்லா ஜீவன்" என்று சிபாரிசு செய்துதான் சமாதானமாயிற்று.

ஜனவரியில் புனித அந்தோனியார் திருநாள் வந்தது. அன்றைக்கு ஊரிலுள்ள மிருகங்களையெல்லாம் சதுக்கத்துக்குக் கூட்டி வருவார்கள், பாதிரியார் தண்ணீர் தெளித்து ஆசீர்வதிப்பார். நாய்களும் கோழிகளும் ரிப்பன் கட்டிய ஆமை ஒன்றும் வரிசையில் நின்றன. பேச்சியின் தேர்வும் அன்றைக்குத்தான்: கழுதையின் பேச்சை அவள் சபையில் மொழிபெயர்ப்பதைத் தானே நேரில் வந்து கேட்பதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நொதாரியோவின் முறை வந்ததும், அதைப் பிடித்துக்கொண்டு வந்த எலாதியோ, திருமணங்களுக்கும் சாவுகளுக்கும் மட்டும் போடுகிற கோட்டைப் போட்டிருந்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"தங்கை மகன் பார்சிலோனாவுக்குக் கூப்பிடுகிறான். லிஃப்ட் உள்ள வீடு. எனக்கும் தனியாக இருந்து சலித்துவிட்டது. அடுத்த வாரம் போகிறேன். நொதாரியோவைக் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுகிற இடத்தில் விடப்போகிறேன். அது ஏதாவது சொல்வதானால் சொல்லட்டும்."

சதுக்கத்தில் ஆமைகூட அசையவில்லை. முன்வரிசையில் நின்ற எங்கார்நாவின் கையிலிருந்த கோழி கத்திக்கொண்டு கீழே குதித்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

"மணல்லயா?" என்றது நொதாரியோ. "மணல்ல என்னால நடக்க முடியாதே." பிறகு பெருமூச்சு விட்டது. "ரெண்டும் போறதுக்கு ஒண்ணாவது மிஞ்சட்டும். பேச்சி, சொல்லிரு."

"எதச் சொல்லட்டும் அண்ணாச்சி?"

"எல்லாத்தையும்தான். சன்னலு, பார்லி, ரொட்டி, இவன் என் காதுல சொன்னது, அவ என்ட்டக் கேட்டது. ஒண்ணையும் விட்டுறாத."

பேச்சி வாயைத் திறந்தாள். எல்லாக் காலங்களும் எல்லாச் சொற்களும் அவளிடம் இப்போது இருந்தன. ஆனால் எங்கார்நாவின் முகத்தைப் பார்த்தாள், இது தான் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை என்று தோன்றி அப்படியே நின்றாள். பேராசிரியை பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏ கழுதை, வாய மூடு! எனக்கு வாய் இல்லியா? நானே சொல்லிக்கிடுதேன்."

பேச்சி திரும்பிப் பார்த்தாள். பேசியது எங்கார்நா. சண்முகக்கனி ஜாக்கெட்டுக்குப் பட்டன் வைக்கிற வேகத்தில், சண்முகக்கனியின் அதே இழுப்போடு பேசியிருந்தாள். நொதாரியோவின் இரண்டு காதுகளும் நட்டுக்கொண்டு நின்றன. தான் அந்த மதிலோரம் தமிழில் யார் யாரைப் பற்றி என்னென்ன சொன்னோம் என்று அது எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

எங்கார்நா எலாதியோவுக்கு முன்னால் போய் நின்று, ஊர்ப் பாஷைக்கு மாறினாள். "அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது. ரெண்டு பேர் சாப்பிடுகிற அளவு. இருபது வருஷமாகவே ரெண்டு பேர் அளவுதான் போடுகிறேன், மிச்சத்தைத் தூக்கிக் கொட்டுகிறேன். நீ வருவாயா, மாட்டாயா?"

"உன் வீட்டுக்கா?" என்றார் எலாதியோ.

"இல்லை, பார்சிலோனாவுக்கு!"

கூட்டம் கூச்சல் போட்டது. விசில் அடித்தார்கள், நாய்கள் குரைத்தன, மருந்துக்கடைக்காரர் மச்சானைக் கட்டிக்கொண்டார், பாதிரியார் ஆமையின் மேல் தெளிக்க வேண்டிய தண்ணீரை ஊர்த்தலைவியின் மேல் தெளித்தார். எலாதியோவின் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பேச்சிக்கு எங்கிருந்து அந்த ஆவேசம் வந்ததோ, நீரூற்றுத் திண்டின் மேல் ஏறி நின்று, "நீங்கள் எல்லோரும் கொஞ்சம் வாயை மூடித் தொலைத்தால் அல்லவா அந்த மனிதர் பதில் சொல்வார்! பாதிரியாரே, உங்களையும் சேர்த்துத்தான்!" என்று சுத்தமான ஸ்பானிஷில் கத்தினாள். பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதமாக வகுப்பில் ஒருவர் வாயிலிருந்தும் வராத, 'இப்படிச் செய்தால் அல்லவா அப்படி' என்கிற வினைவடிவம் அது.

ஊர் அடங்கியது. எலாதியோ பழக்க தோஷத்தில் கழுதையின் காதுப் பக்கம் குனிந்தார். எங்கார்நா அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்கே பார்த்துச் சொல்."

"எனக்கு" என்று எலாதியோ ஆரம்பித்தார், தொண்டையைச் செருமினார், கோட்டுப் பட்டனைப் போட்டார், அவிழ்த்தார். "எனக்குப் பருப்பு ரொம்பப் பிடிக்கும், எங்கார்நா."

தேர்வில் பேச்சிக்கு நல்ல மதிப்பெண். பாதிரியாரை அதட்டியதற்கு மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலில் ஓர் ஆள் போகிற அளவு கல்லைப் பிரித்து வழி வைத்தார்கள். நொதாரியோ பயந்தபடியே ஆயிற்று. சேர்ந்து சாப்பிட உட்காருகிற இருவர், கழுதைக்கு நீ வைத்திருப்பாய் என்று ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை வைத்து, சில நாள் இருவருமே வைக்காமல் விட்டார்கள். எங்கார்நாவிடம் தமிழில் முறையிடலாமென்றால், அவள் தமிழில் பதிலுக்கு ஏசினாள். அந்தக் கலையில் அவளுக்கு ஆசிரியை சண்முகக்கனி என்பதால் கழுதையால் எதிர்த்து நிற்க முடியவில்லை.

பேச்சி ஊருக்குக் கிளம்பிய காலையில், எலாதியோ வைத்த பார்லியையும் பேச்சி வைத்த ரொட்டியையும் தின்றுவிட்டு, அது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தது. பெட்டியை அதன் முதுகில் ஏற்றியிருந்தாள்.

"உங்களுக்கு அவங்க பேசுறது எல்லாம் புரியும்லா அண்ணாச்சி? பொறவு ஏன் அவங்க பாஷையில பேச மாட்டேங்கீக?"

நொதாரியோ ரோட்டைப் பார்த்தது. "வெக்கமா இருக்கு. தப்பாச் சொன்னா சிரிப்பானுவ."

"சிரிக்கத்தான் செய்வாக. என்னப் பாத்துச் சிரிக்கலியா? சிரிச்சு முடிச்சிட்டு, அவங்களே சரியாச் சொல்லித் தருவாக."

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. கழுதை அவள் தோளில் மூக்கை வைத்துக் கேட்டது: "பசிக்கு என்ன சொல்லணும்?"

"ஆம்ப்ரே."

அது வாய்க்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டது. பேச்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு பெட்டியை இறக்கிக்கொண்டு ஏறினாள். பஸ் நகர்ந்து புது ரோட்டில் இறங்கும்போது, பின்னால் பஸ் நின்ற இடத்திலிருந்து, ஆலிவ் குன்றுகளில் முட்டித் திரும்புகிற பெருங்குரலில், "ஆம்ப்ரே!" என்று கேட்டது. கழுதை தமிழ் பேசியபோது ஆச்சரியப்படாத ஊர் இப்போது ஆச்சரியப்பட்டது; பின்கண்ணாடி வழியாகப் பேச்சி பார்த்தாள், தெரு நெடுக ஒவ்வொரு கதவாகத் திறந்தது, ரொட்டிக்கடைக்காரர் தலையணை ரொட்டியோடும், ஊர்த்தலைவி மாதுளையோடும், எங்கார்நாவும் எலாதியோவும் ஆளுக்கொரு கிண்ணத்தோடும் வெளியே ஓடிவந்தார்கள்.

பக்கத்து மாகாணத்திலிருந்து புதிதாக வந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "யார் அங்கே கத்துவது? பாவம், ரொம்பப் பசி போலிருக்கிறதே."

"எங்கள் ஊர்க்காரர்" என்றாள் பேச்சி, ஒரு பிழையும் இல்லாமல். "காலையிலேயே சாப்பிட்டாயிற்று. இரண்டு தடவை."